முனியாண்டிக்கு இரண்டாயிரம் வயது

சங்கிலிக்கு அந்தப் பெயரை வைத்தவர் அவருடைய தகப்பன் காத்தமுத்து. தேயிலைத் தோட்டத்தில் அவர்கள் இருந்த தொழிலாளர் வரிசைவீடான லயத்துக்குப் பின்னால் சங்கிலிக் கறுப்பு என்று ஒரு காவல்தெய்வம் இருந்தது. அடுத்தடுத்துப் பிறந்த மூன்று பிள்ளைகள் தங்காமல் போனபோது, நாலாவது தங்கினால் உன் பெயரையே வைக்கிறேன் என்று காத்தமுத்து நேர்ந்துகொண்டார். நாலாவது தங்கியது. பெயருக்குப் பின்னால் இருந்த கதை அவ்வளவுதான்.

ஐம்பது வயது தாண்டிய பிறகு, முல்லைத்தீவில் ஒரு கூட்டத்தில், "யாழ்ப்பாணத்து அரசனுடைய பெயரைத் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த குடும்பம்" என்று ஒருவர் அவரை ஒலிவாங்கியில் அறிமுகப்படுத்தினார். சங்கிலி மறுக்கவில்லை. கைதட்டல் ஓயும்வரை கைகட்டி நின்றார். அவருக்காக யாரும் கைதட்டியது அதுதான் முதல் தடவை.

அந்த மேடைக்கு அவர் எப்படி வந்தார் என்பதைக் கொஞ்சம் பின்னாலிருந்து சொல்ல வேண்டும்.

எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் லயம் எரிந்தது. காத்தமுத்து மனைவியையும் சங்கிலியையும் அவனுக்கு இளையவள் ராக்காயியையும் கூட்டிக்கொண்டு வன்னிக்கு வந்தார். நெடுங்கேணிக்கு அப்பால் காட்டோரத்தில் ஒன்பது குடும்பங்கள் இறங்கின. உடைந்து கிடந்த ஒரு சிறு குளத்துக்குக் கட்டுப் போட்டார்கள். பக்கத்தில் ஒரு பெரிய வீரை மரம் நின்றதால் ஊர் வீரையடி ஆயிற்று. கொழுந்து கிள்ளிய கைகள் களை பிடுங்கப் பழகின.

முதல் விளைச்சலை யானை தின்றுவிட்டுப் போனது. காவலுக்கு ஒரு சாமி வேண்டும் என்றார் காத்தமுத்து. ஆற்றுப்படுகையிலிருந்து ஆள் உயரத்தில் பாதி இருக்கும் ஒரு கருங்கல்லை மாட்டுவண்டியில் ஏற்றி வந்தார். வீரை மரத்தின் கீழ், கல்லுமலை என்று அவர்கள் சொன்ன சிறு பாறைக்குன்றின் அடிவாரத்தில், சீமெந்து குழைத்துப் பீடம் கட்டிக் கல்லை நிறுத்தினார். பிள்ளைகள் இரண்டும் குளத்திலிருந்து தண்ணீர் தூக்கின. ஈரச் சீமெந்துக்குள் வீட்டுக்கொரு சில்லறை நாணயக் குற்றி போட்டார்கள். முனியாண்டி சாமி குடியேறிவிட்டார். ஆடி மாதம் சேவல் அறுத்து, சுருட்டும் சாராயமும் வைத்துக் கும்பிட்டார்கள். அது எழுபத்தொன்பதாம் ஆண்டு.

பிறகு சண்டை வந்தது. வீரையடிச் சனம் இரண்டு தடவை ஓடி இரண்டு தடவை திரும்பியது. முதல் ஓட்டத்தில் சங்கிலி பளையில் ஒரு தென்னந்தோட்டத்தில் கூலிக்கு நின்றார். அங்கே அவருக்குத் தண்ணீரைக் கையில் ஊற்றினார்கள், செம்பைத் தரவில்லை. பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. "அந்தத் தோட்டக்காட்டானைக் கூப்பிடு" என்பார்கள். பிறகு கிளிநொச்சியிலும் அதே சொல்தான் இருந்தது. கொஞ்சம் தணிந்த குரலில் சொன்னார்கள், அவ்வளவுதான். இரண்டாவது ஓட்டத்தில் அவருடைய மனைவி அழகம்மா முள்ளிவாய்க்காலில் ஷெல் பட்டு இறந்தாள். பிள்ளைகள் இல்லை. முகாமில் இருந்து தனியாகத்தான் வீரையடிக்குத் திரும்பினார். தகப்பனும் தாயும் எப்போதோ போய்விட்டிருந்தார்கள். ராக்காயியும் அவள் பிள்ளைகளும் இருந்தார்கள். கல் நின்றது. வீரை மரத்தில் பாதியைக் குண்டு கொண்டுபோயிருந்தது.

சில வருடங்கள் நிம்மதியாக விதைத்தார்கள். அதன் பிறகுதான் பலகை வந்தது.

கொழும்பிலிருந்து அதிகாரிகள் வாகனங்களில் வந்தார்கள். கல்லுமலை உச்சியில் பழைய செங்கற்கள் கிடப்பதாகவும், அது இரண்டாயிரம் வருடத்துக்கு முந்திய புத்த மதத் தலம் என்றும் சொன்னார்கள். அளந்தார்கள். அடிவாரத்தையும் முனியாண்டியையும் குளத்துக்கு மேற்கே இருந்த வயல்களையும் சேர்த்துக் கம்பி வேலி இழுத்தார்கள். உள்ளே வருவது குற்றம் என்று மஞ்சள் பலகையில் எழுதி நட்டார்கள். வேலிக்குள் போய்க் கற்பூரம் கொளுத்தியதற்காக ராக்காயியை விசாரணைக்கென்று கொண்டுபோய் ஒரு பகல் முழுக்க இருத்திவைத்தார்கள்.

அநியாயம்தான். அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. இந்தக் கதையில் கசப்பு அங்கேயே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஊருக்காக வழக்குப் பேச அருந்ததி என்ற சட்டத்தரணி முன்வந்தார். வவுனியாக்காரி, நாற்பது வயதிருக்கும். அவரைக் கூட்டிவந்தவர் கோகுலன். கோகுலன் கிளிநொச்சியில் ஒரு டியூட்டரியில் வரலாறு படிப்பித்தவர். சண்டையில் தமையன்மார் இருவரைப் பறிகொடுத்தவர். மரபு காக்கும் குழு என்று ஒன்றைத் தொடங்கி, எங்கே வேலி விழுகிறதோ அங்கே மோட்டார் சைக்கிளில் போய் நிற்பார். தனக்கென்று ஒன்றும் சேர்க்காத மனிதர். அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ராக்காயியின் வீட்டு வளவில் எல்லோரும் கூடினார்கள்.

"இந்தக் கல்லு எப்ப வைச்சது அம்மா?" என்று அருந்ததி கேட்டார்.

"எங்கப்பா வச்சதும்மா. எழுவத்தொம்பதுல. நானும் அண்ணனுந்தான் தண்ணி தூக்கினோம்" என்றாள் ராக்காயி.

அருந்ததியின் முகம் தெளிந்தது. "நல்லது. வைச்சதைக் கண்ட ஆக்கள் உயிரோட இருக்கிறீங்கள். நாப்பது வருசத்துக்கு மேல கும்பிட்ட இடம். வயலுக்குப் பேர்மிட் இருக்கு. மலை உச்சியில என்ன கிடந்தாலும் அடிவாரம் சனத்தின்ரை எண்டு வாதாடலாம். இந்த வழக்கில உள்ளதைச் சொன்னாக் காணும். வேற ஒண்டும் தேவையில்லை."

திரும்பும்போது கோகுலன் சங்கிலியை மோட்டார் சைக்கிளின் பின்னால் ஏற்றிக்கொண்டு நெடுங்கேணிச் சந்தியில் தேத்தண்ணீர்க் கடைக்குப் போனார்.

"அண்ணை, லோயர் சொல்லுறது சட்டத்துக்குச் சரி. ஆனா யோசிச்சுப் பாருங்கோ. அவை ரெண்டாயிரம் வருசம் எண்டு வருகினம். நாங்கள் நாப்பது வருசம் எண்டு போய் நிண்டா என்ன சொல்லுவினம்? வந்தான் வரத்தான் எண்டுவினம். நேற்று வந்தவன் நாளைக்குப் போகலாம்தானே எண்டுவினம்."

வந்தான் வரத்தான். அந்தச் சொல் சங்கிலிக்குப் பழக்கமானது. சொல்லுகிறவர்கள்தான் இதுவரை வேறாக இருந்தார்கள்.

"ஆனா அது அப்பா வைச்சதுதானே தம்பி."

"வைச்சவர் எண்டு ஏன் சொல்லுறீங்கள்? மண்ணுக்குள்ள கிடந்ததைக் கண்டெடுத்து நிமித்தினவராயும் இருக்கலாம்தானே? அவருக்கு ஏன் அந்த இடத்தில வைக்கத் தோணினது? அங்க ஏதோ இருந்திருக்கு. இந்த நிலத்தில எங்க கிண்டினாலும் எங்கட ஆக்களின்ரை எலும்புதான் வரும். உண்மை எங்கட பக்கம் இருக்கு அண்ணை. ஆதாரம்தான் கொஞ்சம் குறையுது."

கோகுலன் பொய் சொல்லச் சொல்கிறார் என்று சங்கிலிக்கு அப்போது தோன்றவில்லை. கோகுலனுக்கும் தோன்றியிருக்காது. தேத்தண்ணீர் ஆறுவதற்குள் இரண்டு பேருக்கும் கண்கலங்கிவிட்டது. அழகம்மாவைப் பற்றியும் கோகுலனின் தமையன்மாரைப் பற்றியும் பேசினார்கள். கடைக்காரரிடம் கோகுலன், "இவர்தான் சங்கிலி அண்ணை. இந்த மலையின்ரை பரம்பரைக் காவல்காரர்" என்றார். கடைக்காரர் எழுந்து நின்று கதிரையைத் துடைத்துக் கொடுத்தார்.

அடுத்த கிழமை சங்கிலி சத்தியக்கடதாசியில் கையெழுத்து வைத்தார். தன் தகப்பனும் பாட்டனும் பூட்டனும் வீரையடியிலேயே பிறந்தவர்கள் என்றும், அந்தக் கல் ஆதிகாலத்து லிங்கம் என்றும், அதைப் பூசிப்பது தங்கள் குடும்பத்தின் உரிமை என்றும் அதில் இருந்தது. தேயிலைத் தோட்டம் இல்லை. கலவரம் இல்லை. மாட்டுவண்டி இல்லை.

கையெழுத்துக்கு முன் அருந்ததி அதை வாசித்துவிட்டு நிமிர்ந்தார். "ஐயா, உங்கட தங்கச்சி வேற மாதிரிச் சொன்னவாவே?"

"அவளுக்கு அப்ப சின்ன வயசு. விளங்கியிராது."

"நீங்கள் சத்தியம் பண்ணிச் சொல்லுறீங்கள். நான் அதை நம்பித்தான் போகவேணும். நல்லா யோசிச்சுத்தானே?"

"ஓம் லோயரம்மா."

அருந்ததி பேனையை நீட்டினார்.

செய்தி ராக்காயிக்கு இரண்டு நாளில் எட்டியது. அவள் தமையன் வீட்டுக்கு வந்தாள். உட்காரவில்லை.

"அண்ணே, அப்பா எங்கேருந்து வந்தாரு?"

"அதெல்லாம் இப்ப எதுக்குப் பிள்ளை. எங்கட மண்ணைக் காப்பாத்த வேண்டிய நேரம்."

"எங்கிட்ட மேடப் பேச்சு பேசாத. நம்ம வீட்டுப் பேச்சுல பேசு. அப்பா எங்கேருந்து வந்தாரு?"

சங்கிலி தரையைப் பார்த்தார். பேச்சு தானாகவே பழைய வாய்க்குத் திரும்பியது. "உண்மையச் சொன்னா எல்லாம் போயிரும் ராக்காயி. நாப்பது வருசத்த எவன் மதிப்பான்?"

"நாப்பது வருசமும் நாம இருந்தோம்ல? ரெண்டு தரம் ஓடிட்டு வந்தும் இங்கதான வந்தோம். அத நீயே மதிக்கலன்னா வேற எவன் மதிப்பான்?"

அவள் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு வந்த இரண்டு வருடங்களைச் சங்கிலியின் நல்ல காலம் என்றுதான் சொல்ல வேண்டும். முல்லைத்தீவில் கூட்டம், வவுனியாவில் ஊர்வலம், யாழ்ப்பாணத்தில் உண்ணாவிரதம். எங்கும் அவருக்கு முன்வரிசைக் கதிரை. வெள்ளை வேட்டியும் சால்வையும் கோகுலன் வாங்கிக் கொடுத்தார். "சங்கிலி ஐயா" என்றார்கள். வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் அவருடைய காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள். பளையில் ஒரு கூட்டம் நடந்தபோது, தென்னந்தோட்டத்துக்காரரின் மகனே செம்பில் இளநீர் கொண்டுவந்து இரண்டு கையாலும் நீட்டினார். சங்கிலி யாரென்று அந்த மகனுக்குத் தெரியவில்லை. சங்கிலிக்கு அவரைத் தெரிந்தது. அந்த இளநீரை ஒரு சொட்டு விடாமல் குடித்தார்.

முனியாண்டியும் மாறினார். கோகுலனின் குழு அவருக்குப் பூர்வலிங்கேசுவரர் என்று பெயரிட்டது. முல்லைத்தீவிலிருந்து ஐயர் வந்து வேலிக்கு வெளியே வீதியில் நின்று தீபம் காட்டினார். சேவல் கூடாது என்றார். சுருட்டும் சாராயமும் கூடவே கூடாது என்றார். வீரையடிச் சனம் சற்றுத் தள்ளி நின்று பார்த்தது. சங்கிலி ஐயருக்குப் பக்கத்தில் பட்டுச் சால்வையோடு நின்றார். சொல்லச் சொல்ல அவருக்கே எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. பூட்டன் மலைமேல் விளக்கேற்றியதை ஒரு கூட்டத்தில் விவரித்தார். எந்த எண்ணெய் என்று யாரோ கேட்டபோது இலுப்பெண்ணெய் என்றார், யோசிக்காமலே.

வழக்கில் நீதவான் ஓர் உத்தரவு போட்டார். இரண்டு தரப்பிலும் தொல்பொருள் அறிந்தவர்கள் போய்க் கல் இருக்கும் இடத்தைத் தோண்டிப் பார்த்து அறிக்கை தர வேண்டும். ஊர்த் தரப்புக்கு யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு பேராசிரியர் வர ஒப்புக்கொண்டார்.

கோகுலன் அன்றைக்கே வீரையடிக்கு வந்தார். "கல்லுக்குக் கீழ என்ன இருக்கு அண்ணை?"

"சீமெந்து" என்றார் சங்கிலி. அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொன்னபோதுதான் இத்தனை நாளும் அதை நினைக்காமலே இருந்தது அவருக்கு உறைத்தது. "சீமெந்தும் கொஞ்சம் குற்றியளும். அப்பா ஆக்கள் போட்டவை."

அந்த இடத்திலேயே கோகுலன் நிறுத்திக்கொண்டிருக்கலாம். அருந்ததியிடம் போய் உள்ளதைச் சொல்லியிருக்கலாம். அதற்கு இன்னும் நேரம் இருந்தது. "அதை எடுக்கவேணும்" என்றார்.

மூன்றாம் நாள், வேலிக்குப் போட்டிருந்த காவல்காரன் சாப்பிடப் போன உச்சி வெயிலில் வேலிக்குள் நுழைந்தார்கள். கோகுலன் ஒரு சாக்கில் பழைய செங்கற்களும், நீர் வடியும் வாய்க்கால் வெட்டிய உடைந்த ஆவுடைக் கல் ஒன்றும் கொண்டுவந்திருந்தார். ஜெயபுரத்துக்கு அப்பால் ஒரு கைவிடப்பட்ட குளக்கட்டில் கிடந்தவை. பழசுதான். அதில் பொய் இல்லை.

சங்கிலியின் கையில் அலவாங்கு. அந்தக் கடப்பாரை முனை பட்டதும் சீமெந்து எளிதில் பிளக்கவில்லை. காத்தமுத்து கஞ்சத்தனம் இல்லாமல் குழைத்திருந்தார். அடி அடியென்று அடிக்க வேண்டியிருந்தது. வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. பீடம் உடைந்தபோது உள்ளே குற்றிகள் ஒட்டிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுத்து மடியில் கட்டினார். கல் சரிந்தது, கோகுலன் தாங்கிப் பிடித்தார். சீமெந்துத் துண்டுகளைச் சாக்கில் அள்ளினார்கள். செங்கற்களை அடுக்கி, ஆவுடைத் துண்டை வைத்து, கல்லை நிமிர்த்தி, மண் போட்டு மிதித்தார்கள்.

வெளியே வரும்போது வேலிக்கு அப்பால் ராக்காயி விறகுக் கட்டோடு நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியாது. சங்கிலியின் கையில் இருந்த அலவாங்கைப் பார்த்தாள். கல்லைப் பார்த்தாள். விறகுக் கட்டைச் சரிசெய்துகொண்டு நடந்துபோனாள். யாரிடமும் அவள் சொல்லவில்லை. அவள்தான் காட்டிக்கொடுத்தாள் என்று பின்னால் சிலர் பேசினார்கள். அது பொய்.

காட்டிக்கொடுத்தது மண்தான். பேராசிரியர் குந்தியிருந்து ஒரு சிறு கரண்டியால் மண்ணை வழித்தார். மேல்மண்ணும் கீழ்மண்ணும் கலந்து கிடந்தன. வெட்டுப்பட்ட வேர்களில் ஈரம் இன்னும் காயவில்லை. அரிதட்டில் போட்டு அரித்தபோது சீமெந்துப் பொடி தங்கியது. பிறகு, வளைந்த விளிம்புள்ள ஒரு பத்துச் சதக் குற்றி விழுந்தது. சங்கிலியின் மடிக்குத் தப்பியது அது ஒன்றுதான். எதிர்த்தரப்பில் வந்திருந்தவர் அதை எடுத்துத் துடைத்து, ஆயிரத்துத் தொளாயிரத்து எழுபத்தெட்டு என்று சிங்களத்தில் வாசித்தார். சிரிக்கவில்லை. சிரிக்க வேண்டிய தேவை அவருக்கு இருக்கவில்லை.

பேராசிரியர் ஆவுடைத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு கோகுலனிடம் வந்தார். "இது எங்க எடுத்தது?"

கோகுலன் அந்தத் துண்டைப் பார்க்காமல் மலைப் பக்கம் திரும்பினார்.

"தம்பி, இது உண்மையாவே பழசு. ஆயிரம் வருசத்துக்குக் குறையாது. கிடந்த இடத்தில கிடந்திருந்தா, அந்த இடத்துக்கு இது ஒரு சாட்சி. இனி இது ஆருக்கும் சாட்சியில்லை. இதைப் பற்றி நான் என்ன எழுதினாலும் இந்தச் சீமெந்துப் பொடியையும் சேர்த்துத்தான் எழுதவேணும்."

"எழுதாம விடலாம்தானே, சேர்? நீங்களும் தமிழன்தானே?"

"அதனாலதான் சரியா எழுதவேண்டிக் கிடக்கு" என்று சொல்லிவிட்டு வாகனத்தில் ஏறினார்.

நீதிமன்றத்தில் அன்றைய நாள் சுருக்கமாக முடிந்தது. கல்லின் அடி புதிதாகத் தோண்டப்பட்டிருக்கிறது, வேறிடத்துப் பொருள்கள் புதைக்கப்பட்டிருக்கின்றன, சத்தியக்கடதாசி நம்பத்தக்கதல்ல. தடை தொடர்ந்தது. பொய்ச் சத்தியத்துக்காகச் சங்கிலியை உள்ளே அனுப்பியிருக்கலாம்; வயதையும் வாழ்க்கையையும் சொல்லி அருந்ததி மன்றாடியதில் எச்சரிக்கையோடு விட்டார்கள்.

அதோடு நிற்கவில்லை. வேறொரு மாவட்டத்தில் இதே மாதிரி ஒரு வழக்கு நடந்தது. அங்கே யாரும் எதையும் புதைக்கவில்லை. பழைய கோயிலின் தூண்கள் நின்ற இடத்திலேயே நின்றன. அந்த வழக்கில் எதிர்த்தரப்பு முதலில் எடுத்துப் பேசியது வீரையடியைத்தான். இவர்கள் இப்படிச் செய்கிறவர்கள், இதையும் எப்படி நம்புவது என்று கேட்டார்கள்.

சங்கிலி பஸ் ஏறி வவுனியாவுக்குப் போனார். அருந்ததியின் அலுவலகத்தில் வாசல் பக்கம் நின்றுகொண்டே பேசினார்.

"லோயரம்மா, நான் உள்ளதைச் சொல்லுறன். அப்பா எங்க இருந்து வந்தவர், எப்பிடிக் கல்லை ஏத்தினவர், எல்லாம் சொல்லுறன். ராக்காயியும் சொல்லுவாள். திருப்பி ஒருக்கா வழக்கை எடுங்கோ."

"இருங்கோ ஐயா" என்றார் அருந்ததி. அவர் கதிரையில் இருந்தார். "முதல் நாள் உங்கட தங்கச்சி சொன்னதை அப்பிடியே கொண்டுபோயிருந்தா, நாங்கள் வெல்லாட்டிலும் தோத்திருக்க மாட்டம். அது நல்ல வழக்கு. இப்ப நீங்கள் சத்தியம் பண்ணி ஒண்டு சொன்னீங்கள், பிடிபட்ட பிறகு வேற ஒண்டு சொல்லுறீங்கள் எண்டுதான் எழுதுவினம். பீடத்தையும் உடைச்சுப்போட்டீங்கள். உங்கட அப்பா கட்டினதுக்கு இருந்த ஒரே சாட்சி அதுதான்."

"அந்தக் குற்றியள் என்னட்டை இருக்கு."

"உங்கட மடியில இருக்கிற குற்றி எங்க இருந்தது எண்டு ஆர் சொல்லுறது? நீங்கள்தானே?" அவர் குரல் உயரவில்லை. "நானும் இனி இதில நிக்கேலாது ஐயா. என்னையும் பொய்க்காரி எண்டுதான் பாக்கினம்."

கோகுலன் இதையெல்லாம் தோல்வியாக எடுக்கவில்லை. பேராசிரியரை விலைக்கு வாங்கிவிட்டார்கள் என்று முகநூலில் எழுதினார். குற்றியை அவர்களே போட்டுவிட்டு எடுத்தார்கள் என்று இன்னொருவர் எழுதினார். அது ஊரெல்லாம் பரவியது. சீமெந்துப் பீடத்தை உடைத்த கை தன்னுடையதும்தான் என்பதைக் கோகுலன் ஒரு பொழுதாவது நினைத்தாரா தெரியாது. அடுத்த கூட்டத்துக்குச் சங்கிலியை வழக்கம்போல வந்து கூட்டிப்போனார்.

"இன்னும் உரமாச் சொல்லவேணும் அண்ணை" என்றார் வழியில்.

கிளிநொச்சியில் ஒரு மண்டபம். கூட்டம் நிறைந்திருந்தது. சங்கிலி ஒலிவாங்கிக்கு முன்னால் போய் நின்றார். "எங்கட அப்பா" என்று தொடங்கி நிறுத்தினார். பிறகு வீட்டுப் பேச்சில் சொன்னார். "எங்கப்பா தோட்டத்துலேருந்து வந்தவரு. அந்தக் கல்ல அவருதான் கொண்டாந்து வச்சாரு. அது முனியாண்டி. நான் பொய் சொன்னேன். பீடத்த நாங்கதான்..."

ஒலிவாங்கி அடங்கிவிட்டது. யாரோ சொருகியைப் பிடுங்கியிருந்தார்கள். அவர் வாய் இன்னும் கொஞ்சம் அசைந்தது. பின்வரிசைக்குக் கேட்டிருக்காது. முன்வரிசைக்குக் கேட்டது. ஒருவர் எழுந்து, "எவ்வளவு தந்தவங்கள்?" என்று கேட்டார். இன்னொருவர் பக்கத்தில் இருந்தவரிடம், தணிந்த குரலில்தான், "தோட்டக்காட்டானை நம்பினா இப்பிடித்தான்" என்றார். சங்கிலிக்கு அது நன்றாகக் கேட்டது. பல வருடங்களாகக் கேட்டுப் பழகிய காது.

கோகுலன் அவருடைய தோளைப் பிடித்து மேடையின் பின்பக்கம் கொண்டுபோனார். "ஐயாவுக்குச் சுகமில்லை" என்று சபைக்குச் சொன்னார். வாசலில் விட்டுவிட்டு, "எங்கட போராட்டத்தை விட உங்கட மனச்சாட்சி பெரிசாப் போச்சுதே அண்ணை?" என்று கேட்டார். உண்மையாகவே வருந்திக் கேட்டார். பிறகு உள்ளே போய்விட்டார். சங்கிலி பஸ்ஸில் ஊருக்கு வந்தார்.

ராக்காயி வீட்டுக்குத்தான் முதலில் போனார். அவள் முற்றத்தில் நெல் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். மண்டபத்தில் சொன்னதைச் சொன்னார். அவள் காலால் நெல்லைத் துழாவியபடியே கேட்டாள்.

"இப்ப சொல்லி என்னா ஆகும்?"

"மனசு கேக்கல."

"சாமியக் கம்பி போட்டு அடைச்சது அவனுங்க. அது சரி. அதுக்கு அவனுங்களத் திட்டலாம், மண்ண வாரித் தூத்தலாம். அப்பாவ அழிச்சது யாரு? அத அவனுங்க செய்யல. நீ அலவாங்கால அடிச்ச. நான் பாத்துக்கிட்டு நின்னேன்." நெல்லுக்கு வந்த கோழியை விரட்டினாள். "தோட்டத்துலேருந்து அடிச்சு வெரட்டினாங்க, வந்தாரு. கஷ்டப்பட்டு ஒரு கல்ல வச்சாரு. அதுல என்னா அண்ணே வெக்கம்?"

அவள் சோறு போட்டுக் கொடுத்தாள். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னாள். அதற்குப் பிறகு நல்லது கெட்டதுக்குப் பார்த்துக்கொண்டால் தலையசைப்பாள். அவ்வளவுதான்.

இதெல்லாம் நடந்து இரண்டு வருடமாகிறது. சங்கிலி இப்போது நான்கு மாடுகளை மேய்க்கிறார். மேற்கு வயல் வேலிக்குள் போய்விட்டதால் விதைப்பு இல்லை. சால்வைகளை யாருக்கோ கொடுத்துவிட்டார்.

போன மாசியில் ஒரு வெள்ளை வான் வந்து வேலியோரம் நின்றது. வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு குடும்பமும், அவர்களுக்கு இடம் காட்ட வந்த ஓர் இளைஞனும் இறங்கினார்கள். சங்கிலி மாடுகளோடு பக்கத்தில்தான் நின்றார். இளைஞன் கைபேசியில் ஒரு காணொளியைக் காட்டினான். பழைய கூட்டம் ஒன்றில் எடுத்தது. அதில் இருந்தவர் பட்டுச் சால்வையும் திருநீறுமாக, பூட்டன் மலைமேல் இலுப்பெண்ணெய் விளக்கேற்றியதைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"மூவாயிரம் வருசத்துக்கு முந்தின கோயில் இது" என்றான் இளைஞன். "இந்த ஐயாதான் கடைசிக் காவல்காரர். உண்மையைச் சொன்னதுக்காக அவரைப் பைத்தியம் எண்டு ஆக்கிப்போட்டாங்கள்."

குடும்பத்திலிருந்த பெண் வேலியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கல்லைப் படம் எடுக்க முயன்றாள். மாடுகள் குறுக்கே நின்றன.

"ஐயா, மாட்டைக் கொஞ்சம் விலத்துங்கோ" என்றான் இளைஞன். சங்கிலி விலத்தினார். "நீங்கள் இந்த ஊர்தானே? இந்தக் கோயிலைப் பற்றி ஏதும் தெரியுமே?"

பழைய சாரமும் நரைத்த தாடியுமாக நின்றவரை அவனுக்கு அடையாளம் தெரியவில்லை.

"இது கோயில் இல்லைத் தம்பி. முனியாண்டி. எங்கட அப்பா எழுபத்தொன்பதில வைச்சவர்."

இளைஞன் அந்தப் பெண்ணைத் திரும்பிப் பார்த்து, மன்னிப்புக் கேட்பதுபோலச் சிரித்தான். "இஞ்சத்தைச் சனத்துக்கே வரலாறு தெரியாது அக்கா. அதுதான் எங்கட பிரச்சினை" என்றான்.

அவர்கள் ஒரு மாலையை வேலியில் கட்டிவிட்டு வானில் ஏறினார்கள். வான் போனதும் ஒரு மாடு கழுத்தை நீட்டி மாலையைத் தின்னத் தொடங்கியது. சங்கிலி அதை விரட்டவில்லை. அது தின்று முடிக்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தண்ணீர் காட்ட நான்கையும் குளத்துப் பக்கம் ஓட்டிப்போனார்.